மூலையில் ஒரு கிடங்கு

புப்யோங், மூன்றாம் மாடி, இருபத்தேழாம் எண் இருக்கை.
காலை எட்டரைக்கு வந்துவிடுவார் தோக்-சு,
கார்த் தொழிற்சாலையின் சாம்பல் சட்டையில்,
மடிப்புக் கலையாமல்.
மணிக்கு ஆயிரம் வொன்.
நான் கேட்குமுன்பே மேசைமேல் சில்லறை.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை.
ஐந்தரைக்கு மனைவி அழைத்தால்
"ஷிப்ட் முடிஞ்சது" என்பார்,
வெடிக்கும் விண்கலங்களின் சத்தத்தை
இடது உள்ளங்கையால் பொத்தியபடி.

முதலில் நான்கு தொழிலாளிகள்தாம்.
நீலப் படிகத்தை வெட்டி, சுமந்து, கொட்டி,
மறுபடி வெட்டப் போவார்கள்.
ஒருவனும் சும்மா நிற்கக் கூடாது அவருக்கு.
நிற்பவனைத் தேடித் தேடி வேலை கொடுப்பதில்
படை திரட்ட மறந்துபோகும்.
அதனால்தான் தினமும் தோற்றார்
பதினான்காம் இருக்கைப் பையனிடம்,
டியூஷனுக்கு மட்டம் போடும் ஹான்-பியோலிடம்.

பனி கொட்டிய அன்றும் அப்படித்தான்.
பூச்சிப் படை திமுதிமுவென்று புகுந்தது.
படிகக் குவியலருகே
சுமை இறக்காமலே செத்தார்கள் எல்லோரும்.
ஹான்-பியோல் எழுந்து நின்று சோம்பல் முறித்தான்.

ஆட்டம் முடியவில்லை.

கடைசிச் சுவர் விழும்வரை தோல்வி இல்லை என்பது விதி.
கறுத்த வரைபடத்தில்
அவன் பூச்சிகள் நாற்பது நிமிடம் மோப்பம் பிடித்தன.
ராமியோன் ஊறிப் பருத்தது.
பின்னால் கூட்டம் சேர்ந்தது.

கோப்பைகளை எடுக்கப் போன நான் பார்த்துவிட்டேன்:
இடது கீழ் மூலை, பாறை விளிம்புக்கு அப்பால்
தப்பிய ஒரே ஒருவன்,
மிச்சமிருந்த நூறு படிகத்துக்கு
ஒரு கிடங்கு கட்டுகிறான்.
பற்றவைப்புப் பொறி தெறிக்கும்போதெல்லாம்
திரைக்கு வெளியே தோக்-சு கண்ணை இடுக்கினார்,
பதினாறு வருடம் கதவுகளுக்குப் பற்றுவைத்த பழக்கம்.
படையே இல்லை, கிடங்கு எதற்கு?
கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

"எங்கேதான் இருக்கு, அஜோஷி?"
ஹான்-பியோலுக்கு அழுகையே வந்துவிட்டது.
அதே நேரம் தொலைபேசி.

எடுத்தார்.
இந்தமுறை கை ஸ்பீக்கரை மூடவில்லை.
வெடிச்சத்தம், பையன்களின் கூச்சல்,
என் தட்டில் கோப்பை உருண்ட சத்தம்,
எல்லாம் போயிருக்கும் அவள் காதுக்கு.

"இல்லை, தொழிற்சாலையில் இல்லை" என்றார்.
பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூலையில் கிடங்கு முடிந்துவிட்டது.
அவன் கை காலியாக நின்றான்.
முதல்முறையாக
அவனுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை.