நான்காவது வரி

குடியாத்தம் ஐடிஐ, ஃபிட்டர் முதலாண்டு.
வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் என்னுடையது.
கால அட்டவணையில் 'மென்திறன்' என்று போட்டிருக்கும்.
"மென்திறன்னா இன்னா சார்,
மென்னு துன்ற திறனா?"
என்று கேட்டவன் சம்பங்கி.
சிரித்துவிட்டேன்.
பதில் இன்னும் சொல்லவில்லை.

முந்தின இரவு எண் போட்டு எழுதினேன்:
ஒன்று, இருவர் இருவராக அமரவும்.
இரண்டு, எதிரெதிரே பார்த்தபடி.
மூன்று, உங்களுடையதை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ளவும்.
நான்கு, மூன்று நிமிடம் இணையைக் கேட்கவும்.

பஸ் ஸ்டாண்டு எதிரே ஜெராக்ஸ் கடையில்
இருபத்துமூன்று பிரதி.
வடை மாதிரி சூடாக வந்தது.
அச்சில் வந்துவிட்டால்
நான் எழுதியது எனக்கே சரியாகத்தான் தெரியும்.

இருபத்துமூன்று பேரை இரண்டிரண்டாக உட்காரவைத்தால்
ஒருவன் மிஞ்சுவான் என்பது
கடைக்காரருக்குக்கூடத் தெரிந்திருக்கும்.
மிஞ்சியவன் கோதண்டம்.
தாளைத் திருப்பிப் பார்த்தான்,
பின்பக்கத்தில் தனக்கென்று ஏதாவது இருக்குமோ என்று.

மூன்றாவது வரிக்கு
ஒரு பெஞ்சில் வறுத்த பட்டாணியைப் பகிர்ந்துகொண்டார்கள்.
குற்றம் சொல்ல முடியாது,
எழுதியதைத்தான் செய்தார்கள்.

அப்புறம் நான்காவது.
கேள் என்றால்
வாயால் செய்வதா, காதால் செய்வதா?
இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டு
தமிழ் தன்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறது.
பாதி வகுப்பு வாயால் கேட்டது,
ஸ்டேஷனில் எஃப்ஐஆர் போடுகிற மாதிரி:
அப்பா பேரு? எந்த ஊரு? எத்தினி மார்க்கு?

சன்னலோரம் சம்பங்கியும் இம்தியாஸும்.
இரண்டு பேருமே காதால் கேட்டார்கள்.
பேச ஆளில்லை.
முட்டியும் முட்டியும் இடிக்க, கை கட்டி,
மூன்று நிமிடம்.
பக்கத்து ஷெட்டில் லேத் ஓடி நின்றது.
போய்ச் சரிசெய்திருக்கலாம்.
போகவில்லை, பட்டாணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

தாளின் அடியில் ஒரு கேள்வி வைத்திருந்தேன்:
இணையிடம் அறிந்தது என்ன?
அப்பா டிரைவர்.
ஊர் பரதராமி.
மார்க்கு சொல்ல மாட்டேன்றான்.
இப்படி இருபது தாள்.
சம்பங்கி எழுதியது:
'இவனுக்கு மூச்சு விசிலடிக்குது.
இழுக்கும்போது இல்ல, விடும்போது.
ராத்திரி டேனரிக்குப் போறான்னு நெனைக்கிறேன்,
கையில அந்த வாசனை.
கேக்கல.'

இம்தியாஸ் ஒரே வரி:
'சம்பங்கி இவ்ளோ நேரம் சும்மா இருந்து நான் பாத்ததில்ல சார்.'

ஜூலையிலிருந்து இம்தியாஸுக்கு வருகை போடுகிறேன்.
உள்ளேன் ஐயா, என்பான்.
அந்த இரண்டு சொல்லுக்கு நடுவே
விசில் இருந்திருக்கும்.
நான் அடுத்த பெயருக்குப் போயிருப்பேன்.

இப்போது மறுபடி இரவு. மறுபடி தாள்.
கரண்ட் ஒரு தடவை போய் வந்தது.
ஒன்று, மிஞ்சுபவர் ஆசிரியரோடு அமரவும்.
மூன்று, 'பகிர்' அடித்தாயிற்று.
நேற்று நடந்த ஒன்றைச் சொல்லவும்.
தின்பண்டம் கணக்கில் வராது.
நான்கு, ஒருவர் மூன்று நிமிடம் பேசவும்.
மற்றவர் காது கொடுக்கவும், கேள்வி போடக் கூடாது.
மணி அடித்ததும் மாறிக்கொள்ளவும்.

தெளிவாக இருக்கிறது.
யாரும் இனித் தப்பாகச் செய்ய முடியாது.
அதுதான் உறுத்துகிறது.
முதலிலேயே இப்படி எழுதியிருந்தால்
இம்தியாஸ் நேற்று கிரிக்கெட் ஆடியதைச் சொல்லியிருப்பான்,
சம்பங்கி தலையாட்டியிருப்பான்,
மூச்சு பேச்சுக்கடியில் போயிருக்கும்.

ஆனாலும் திருத்திய தாளைத்தான் எடுத்துப்போகிறேன்.
மற்ற இருபது பேரும் இருக்கிறார்களே.
திங்கட்கிழமை இம்தியாஸை
அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டும்.
அதற்கு எண் போடவில்லை.

வரும் வெள்ளி
கோதண்டத்துக்கு எதிரே என் நாற்காலி.
முதலில் நான் பேச வேண்டும்,
நேற்று நடந்த ஒன்றை.
மூன்று நிமிடம் நீளம் என்று இப்போதுதான் தெரிகிறது.
அவனுக்குக் காது கூர்மை என்கிறார்கள்.