அடுத்த பை

சுங்கை பூலோவில் அக்டோபர் வந்ததை
மரங்கள் சொல்லாது.
சேறு சொல்லும்.
காலையில் வழுவழுவென்று கிடந்தது
மாலைக்குள் மூவிரல் தடங்களால்
கிறுக்கப்பட்டிருக்கும்.

பகலில் நான் சாங்கியில் பெட்டிகளை எடைபோடுகிறவள்.
முப்பது கிலோவுக்கு மேல் அரைக்கிலோ போனால்
பெட்டி தரையில் வாய் திறக்கும்,
ஊறுகாய் பாட்டில் கைப்பைக்கு மாறும்,
ஒருவர் சட்டைமேல் சட்டை போட்டுக்கொள்வார்.
அமாவாசை இரவுகளில் இங்கே
எழுதுகிறவள்.
எண், இனம், இறக்கை, அலகு, எடை.
பென்சில்தான். பேனா ஈரத்தில் அழுதுவிடும்.

ஓதம் ஏறிச் சேறு முழுகியதும்
பறவைகள் உள்குளம் தேடித் தாழ வரும்.
இருட்டில் வலை, இருட்டாகவே நிற்கும்.
அப்புறம் கெங் ஹுவாட்
முழங்கால் சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிப் பிடுங்கி
நடந்துவரும் சத்தம்.

நேற்று பதினொரு மணி.
எதிர்க்கரையில் ஜோகூர் விளக்குகள்
தண்ணீரில் கால் நீட்டிப் படுத்திருந்தன.
கொடியில் துணிப்பைகள்:
சில அசைந்தன,
சில யோசித்தன.

முதல் பையில் உப்புக்கொத்தி.
நூர் ஹயாத்தி நெஞ்சுத் தூவியை ஊதிப் பிரித்தாள்.
கொழுப்பே இல்லை,
தோலுக்கடியில் எலும்பு கத்தி முனைபோல.
கொண்டுவந்த மூட்டையை வழியிலேயே எரித்துவிட்டு
வெறும் ஆளாய் இறங்கியிருக்கிறது.
இப்படியொரு பயணி
என் கவுண்டருக்கு வந்ததில்லை.

நான்காவது பையில் பவளக்காலி.
எடுத்ததும் கத்தியது,
சதுப்பு முழுக்கப் புகார் கொடுப்பதுபோல.
ஹயாத்தி குறடைத் தொடவில்லை.
"இதுக்கு ஏற்கெனவே இருக்கு."
சிவந்த காலில் ஒரு வளையம்,
உப்பு தின்று மெலிந்தது,
எண்கள் பழைய ஐந்து காசுபோல மழுங்கியிருந்தன.
தலைவிளக்கைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தோம்.
கடைசி எண் ஆறா எட்டா என்று
கெங் ஹுவாட்டுக்கும் எனக்கும் சண்டை.

பழைய பதிவேட்டைப் புரட்டினேன்.
ஆறுதான்.
ஒன்பது வருடம் முன்பு, இதே குளம்.
எடை தொண்ணூற்றெட்டு கிராம்.
நெஞ்சில் குறுக்குக்கோடு போட்ட ஏழு
என்னுடையது.
பதிவாளர் கட்டத்தில்
இன்பவள்ளி தர்மசீலன்,
இரண்டு பெயருக்கும் நடுவே
நிதானமாக இடம் விட்டு.

எவ்வளவு யோசித்தும்
அந்த இரவு ஞாபகத்தில் இல்லை.
மழையா, கொசுவா,
தர்மசீலன் வாசலில் காரோடு காத்திருந்தாரா,
எதுவும்.
அதற்குப் பிறகு இது
எந்தப் புல்வெளிக்கோ போய்ப் போய்
வந்து வந்து
இருக்கிறது.
நான் ஈசூனிலிருந்து சுவா சூ காங் வரை.
ஒரு லாரி, பன்னிரண்டு அட்டைப்பெட்டி.

மறுபடி எடை பார்த்தோம்.
நூற்று ஒன்று.
மூன்று கிராம் கூடியிருந்தது.
ஒன்பது வருடத்துச் சேமிப்பு என்று சொல்ல நினைத்தேன்.
சாயங்காலம் தின்ற புழுவாகவும் இருக்கலாம்.

ஹயாத்தி என் உள்ளங்கையில் அதை வைத்தாள்.
பறக்கவில்லை.
கண் இருட்டுக்குப் பழகட்டும் என்றாள்.
இரு கால்களின் சூடு,
அவற்றுள் ஒன்றில் மட்டும்
உலோகத்தின் சின்னக் குளிர்.
பிறகு கை லேசாகி விட்டதால்தான்
போய்விட்டது என்று தெரிந்தது.

ஐந்து கட்டங்களையும் நிரப்பினேன்.
பதிவாளர்: இன்பவள்ளி.
பக்கத்தில் இடம் மிச்சமிருந்தது.
நகத்துச் சேறு அதில் ஒரு பொட்டு வைத்தது,
அழிக்கவில்லை.
ஆறு மணிக்கு எனக்குக் கவுண்டர்.
பென்சில் முனையை நக்கிக்கொண்டு
"அடுத்த பை" என்றேன்.