இரைப்பு

இந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.
ஏழு வயதிலிருந்து என் நெஞ்சுக்குள் இருக்கிறது.
அன்று அது
இரண்டாம் கட்டில்,
பூட்டிய அறைக்குள்ளிருந்து வந்தது.

உள்ளே யாரோ மூச்சுக்குத் தவிக்கிறார்கள் என்றேன்.
ஆளே இல்லையேம்மா, லோகித் தம்பி காலி பண்ணி
பதினெட்டு நாள் ஆச்சு என்றார் வயிரவன்.
பதினோரு பங்காளிகளின் சாவிகளும்
அவர் இடுப்பில்தான்.

கண்ணாடித் தொட்டி. கவிழ்ந்த கிண்ணம்.
அணைந்த பல்பு. ஈர நாற்றம்.
சுருண்ட உடம்பு அப்படியே கிடக்க
தலையை மட்டும் உத்தரத்துக்கு நிமிர்த்தி
வாயைத் திறந்து
காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது
ஒரு மலைப்பாம்பு.
மூக்கில் ஒரு குமிழி.
பெரிதாகும், உடையும், பெரிதாகும்.

வயிரவன் தெருவுக்குப் போய்த்தான்
திரும்பிப் பார்த்தார்.

வெயிலை வாசலிலேயே நிறுத்தக் கட்டிய வீடு இது.
ஆத்தங்குடிக் கல்லில்
சித்திரையிலும் கன்னம் வைத்துப் படுக்கலாம்.
மார்கழியில் அதே குளிர்
ஓர் உயிரின் நெஞ்சில் கட்டிக்கொள்ளும் என்று
கட்டியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.
அவர்கள் கப்பலில் வரவழைத்த பட்டியலில்
பாம்பு இல்லை.

லோகித்தின் எண் உபயோகத்தில் இல்லை.
வனத்துறை வந்தது, குனிந்தது,
'நம்ம ஊர் ஆளில்ல, ஆப்பிரிக்கா' என்று எழுதிக்கொண்டது,
கடிதம் வரும்வரை நீங்களே வச்சிருங்க என்றது.

தேவகோட்டை ரஸ்தாவில்
மாட்டுக்கும் ஆட்டுக்கும் பார்க்கிற ஹேமலதா டாக்டர்
சென்னைக்கு மூன்று முறை பேசினார்.
எடை வேண்டும் என்றார்.
தலையணை உறையில் கட்டி
சாத்தையா கடைத் தராசில் வைத்தேன்.
என்னக்கா இது?
கவுனி அரிசி.
தொள்ளாயிரத்துப் பத்து கிராம்.
கவுனி அரிசி ஒருமுறை பெருமூச்சு விட்டது.
சாத்தையா அதன்பின் எதுவும் கேட்கவில்லை.

மூன்று நாளுக்கு ஓர் ஊசி,
செதிலுக்கும் செதிலுக்கும் நடுவே.
இரவும் பகலும் முப்பத்தொரு டிகிரி.
கோழிக்குஞ்சுப் பண்ணையில் கேட்டு வாங்கிய
மஞ்சள் பல்பு.
பிளாஸ்டிக் டப்பாவில் துளை போட்டு
என் நெபுலைசர் குழாயைச் சொருகினேன்.
காலையில் அதற்கு.
குழாயை மாற்றி, இரவில் எனக்கு.

பாம்புக்கு இருமத் தெரியாது
என்று டாக்டர் சொன்ன அன்று தூக்கம் வரவில்லை.
சளி கட்டினால் என்னதான் செய்யும்?
தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கும்.
அவ்வளவுதான்.
அதற்கும் சேர்த்து நான் இருமினேன் என்றால்
கேட்க நன்றாக இருக்கும்.
நான் இருமியது எனக்காகத்தான்.

பால் பைத்தான் என்று
வயிரவனிடம் பெயரைச் சொல்லித் தொலைத்தேன்.
மறுநாள் நிலைக்கு வெளியே நின்று
ஆவின் பாக்கெட்டை நீட்டினார்.
'பேர்லயே இருக்கேம்மா.'
நடுங்கிக்கொண்டே வாங்கி வந்த பால்.
காபி போட்டு அவருக்கே கொடுத்தேன்.

இரைப்பு இருந்தது, இரை எடுக்கவில்லை.
ஒரு வாரம், இரண்டு, நான்கு.
மதுரையிலிருந்து பஸ்ஸில்
'மருந்து' என்று எழுதிய ஐஸ் பெட்டியில்
எலிகள் வந்தன.
வெந்நீரில் இளக்கி இடுக்கியால் நீட்டினேன்.
முகத்தைத் திருப்பிக்கொண்டது.
அம்மா தட்டை நீட்டும்போது
நானும் அப்படித்தான் செய்வேன்.
மூச்சு வாங்குகிறவர்களுக்கு
விழுங்க நேரம் இருப்பதில்லை.

தை ஒன்பது. நடுராத்திரி.
திடுக்கிட்டு எழுந்தேன்.
சத்தம் இல்லை.
ஒரு மாதமாய்க் காதில் தைத்திருந்த விசில் இல்லை.
டார்ச் கைக்கு அகப்படவில்லை.
வெறுங்காலோடு முற்றத்தைக் கடந்தேன்.

தன் மடிப்பின் மேலேயே
தலையைச் சாய்த்து வைத்திருந்தது.
வாய் மூடியிருந்தது.
விலா மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது.
நாக்கு ஒருமுறை வெளியே வந்து
என்னைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு
உள்ளே போனது.

ஆனாலும் எங்கோ இரைந்தது.
திரும்பிப் பார்த்தேன்.
இரண்டாம் கட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை.

இன்ஹேலரை என் அறையிலேயே விட்டுவிட்டிருந்தேன்.
எழுந்து போகாமல்
கொஞ்ச நேரம்
அந்த மஞ்சள் சூட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.