மாங்குளத்தில் காற்றுப் போனபோது

சன்னி என்று பேர் வைத்த காரை
ஆர் வாங்கினாலும் காய்ச்சல்தான்
என்கிறார் நவநீதன்,
என் பின்ரயரைக் கழற்றிக்கொண்டே.
என்னுடையது அல்ற்றோ.
அதற்கும் ஒன்று வைத்திருக்கிறார்:
"மழைக்கு ஒதுங்கலாம் ரீச்சர்,
பயணம் போகலாமோ?"

நான் ரீச்சர் இல்லை.
கார் ஓடுகிற பெண்கள் எல்லோரும்
அவருக்கு ரீச்சர்.

ஒட்டுசுட்டானில் விடிய வெளிக்கிட்டது
வவுனியாவில் பல்லுப் பிடுங்க.
இடப்பக்கக் கடைவாய் விண்விண் என்று இடிக்கிறது.
பக்கத்துக் கடையில் சிவமலர்
சுடச்சுட றோல்ஸ் பொரிக்கிறாள்.
என்னால் மணக்க மட்டுந்தான் முடியும்.
என்றாலும் சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கப்
பல்லுத் தேவையில்லைத்தானே.

என் கொள்கை இது:
லொறி நிற்காத கடையில் பச்சைத்தண்ணியும் குடிக்கக்கூடாது.
கொத்துரொட்டியை ருசி பார்க்க முதல்
தகரம் அடிபடுகிற சத்தத்தைக் கேட்கவேண்டும்,
அவசரமாய் அடிக்கிறவன் ரொட்டியை வேகவிடமாட்டான்.
எருமைத்தயிரைக் கரண்டியால் தின்கிற வீட்டில்
சம்பந்தம் வைக்கக்கூடாது.
குளத்துமீனுக்குப் புளி ஒரு பிடி கூட
(முல்லைத்தீவாருக்குச் சொல்லிவிடாதீர்கள்,
குளத்தில் இருப்பது மீனே இல்லை என்பார்கள்).
முறிகண்டிக் கச்சானைப்போல் உலகத்தில் இல்லை என்பவர்கள்
நாலு மணித்தியாலம் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவர்கள்.
அந்தப் பசிக்குக் கச்சான்கோதும் ருசிக்கும்.
இதைச் சொன்னதற்கு
என் மனுசன் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.
அவருடைய ஊர் முறிகண்டி.
நல்ல அமைதியான கிழமை அது.

பட்டாவில் தர்ப்பூசணி ஏற்றிவந்த யோகசீலன்
தேத்தண்ணியை ஆற்றியபடி சொல்கிறான்,
"முன்பக்கம் என்ர, அக்கா.
சாமான் ஏத்துற பக்கம் லீசிங் கொம்பனியின்ர.
பழம் அழுகினா மட்டும்
முழுக்க என்ர."

பாதியாய் வெட்டிய பரலில்
ரயரை அமுக்கி உருட்டுகிறார் நவநீதன்.
எல்லோரும் சுற்றி வந்துவிட்டோம்,
பிள்ளை பெற்ற வீடு மாதிரி.
ஒரு குமிழி.
பிறகு அதற்குப் பின்னால் நூல் பிடித்தாற்போல் நிறைய.

"ஆணி," என்றான் யோகசீலன்.
"போத்தில் ஓடு. நேற்றுச் சனிக்கிழமையெல்லே," என்றாள் சிவமலர்.
பஸ்ஸுக்கு நின்ற ஆள்,
அதுவரை வாய் திறக்காதவர்,
"பழைய இரும்பாயும் இருக்கும்.
உந்தப் பக்கம் இப்பவும் மழைக்குக் கிளம்புது," என்றார்.

கதை நின்றுவிட்டது.
அடுப்பில் எண்ணெய்ச் சத்தம் மட்டும்.
யோகசீலன் கோப்பையைப் பார்த்தான்.
நான் என் செருப்பைப் பார்த்தேன்.
ஏ-ஒன்பதில் ஒரு சொகுசு பஸ்
கண்ணாடியெல்லாம் திரை இழுத்தபடி போனது.

நவநீதன் குறட்டைக் கொடுத்து
மெல்லமாய்,
என் பல்லை இனி ஒருவர் இழுக்கப்போவதுபோல
ஆட்டி ஆட்டி இழுத்தார்.
கறுப்பும் வெள்ளையுமாய்
அரைச்சாண் நீளத்தில் வந்தது
முள்ளம்பன்றி முள்.

எங்களுக்கு வந்த சிரிப்பைச் சொல்லவேண்டுமே!
பஸ்ஸுக்கு நின்ற ஆள்தான் கூடச் சிரித்தார்,
பஸ் வந்தும் ஏறாமல்.
"றோட்டில படுத்திருந்த பண்டிக்கு மேலயே
ஏத்திப்போட்டு வாறியள்?"
"அது குறுக்க வந்திருக்கும். லைசென்ஸ் இல்லாத சாமான்."
"இறைச்சி எங்க ரீச்சர்?"

முள்ளைக் கழுவித் துடைத்து
சிவமலர் என் கையில் தந்தாள்.
"வைச்சிருங்கோ, பல்லுக் குத்த."

முந்நூறு ரூபா கேட்டவர்
ஐந்நூறைக் கொடுக்க மிச்சம் இல்லை என்றார்.
மிச்சத்துக்கு ஒரு தர்ப்பூசணி
யோகசீலனின் பட்டாவில் இருந்து
என் பின்சீற்றுக்கு வந்தது.
அவர்களுக்குள் என்ன கணக்கோ.

இப்போது ஓமந்தை தாண்டுகிறேன்.
டொக்டரிடம் நம்பர் எடுக்கிற நேரம் போய்விட்டது.
வளைவுக்கு வளைவு பழம் உருண்டு
கதவில் இடிக்கிறது.
கண்ணாடிக்குக் கீழே முள் கிடக்கிறது.
வெளிக்கிடும்போது நவநீதன் கத்திச் சொன்னது
ஒட்டின ரயரைப் பற்றி இல்லை:
"மற்ற மூண்டும் மொட்டை, ரீச்சர்!"