நாலரைக்கு ஏழாவது ஆட்டம்

கொட்பே ஐஸ் தொழிற்சாலையில்
இரவுக் கணக்கு என் பொறுப்பு.
எத்தனை கட்டி போனது, எந்த வள்ளத்துக்கு,
காசா கடனா.
அதே கொப்பியின் கடைசித் தாளில்
ஒன்பது பெயர், ஒன்பது கூட்டல்:
ஸ்காபரோச் சொந்தங்களோடு கட்டிய
ஹொக்கிப் பந்தயம்.

முதலில் குகதாசன், நூற்றிப் பன்னிரண்டு.
அடுத்தது அவன் மனைவி டெல்ரீன், நூற்றிப் பத்து.
(இரண்டு நாளாக அந்த வீட்டில் கடைச் சாப்பாடாம்.)
மூன்றாவது நான், நூற்றியேழு.
மற்ற ஆறு பேரும் கண் வெளிறிய மீன்.
இனி ஐஸ் போட்டுப் பலனில்லை.

சித்திரையில் ஆட்களைப் பிரித்தபோது
நான் நித்திரை.
எல்லாரும் அள்ளிய பிறகு
வலையடியில் ஒட்டியதுதான் என் பங்கு:
முழங்கால் பழுது இரண்டு,
நாற்பதைத் தொடும் ஒரு கிழவன்,
வாங்கில் குந்தியிருந்த மேலதிகக் கோல்காப்பாளன்,
பின்லாந்துக்காரன், ஹார்யுலா.
"பாவமடா உனக்கு" என்று குகன்
சிரிப்போடு குரல் அனுப்பினான்.
நுழைவுக் காசு இருபது டொலரையும்
அவன்தான் கட்டினான்.
கடன் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இரண்டாம் சுற்றில்
முதற் காப்பாளனுக்கு இடுப்புப் பிடித்தது.
ஹார்யுலா எழும்பினான்.
எழும்பினவன் பிறகு இருக்கவில்லை.

இன்றைய நிலவரம் இதுதான்.
ரொறன்ரோ வென்றால் எனக்கு மூன்று,
ஹார்யுலா ஒன்றும் விடாமல் மறித்தால் இன்னும் இரண்டு.
ஒன்றும் விடாவிட்டால்
குகனின் மூன்று மொன்றியல்காரருக்கும் பூச்சியம்.
நானும் அவனும் சமன்.
சமன் வந்தால் என்ன விதி என்று கேட்டேன்,
நீல நிறச் சரி விழுந்தது, பதில் இல்லை.
இருபது வருசம் ரொறன்ரோச் சட்டையைக்
கையால் தோய்த்தவன்,
இன்றைக்கு எந்தப் பக்கம் கத்துவான்?
டெல்ரீனின் ஆள் மூன்று முறை தொட்டால்
எங்கள் இரண்டு பேருக்கும் அலுவல் முடிந்தது.
மிச்சம் அந்தக் கிழவன்.
பதினோரு ஆட்டமாக அவன் கோலே போடவில்லை.
ஒன்று, ஒரேயொன்று, அவன் தடியில் பட்டு...

பக் என்ற கறுப்பு ரப்பர் வட்டை
ஆட்டத்துக்கு முன் உறைய வைப்பார்களாம்,
துள்ளாமல் வழுக்குவதற்கு.
கேட்ட நிஜாமுதீன்
லொறி டயரில் ஒரு வட்டு வெட்டி
உப்புத்தண்ணித் தொட்டியில் கட்டியிறக்கினான்.
நேற்று மூன்று மணிக்கு எடுத்து
ஈரச் சீமெந்தில் வைத்து
துடுப்பால் ஓங்கினான்.
தகரக் கதவு அதிர்ந்தது.
காவலுக்கிருந்த குலசிங்க டோர்ச்சோடு ஓடிவந்து
கள்ளனைத் தேடினார்.
பிறகு அவரும் இரண்டு அடி அடித்தார்.

ஐஸில் மனிதர் ஓடுவதை
நான் நேரில் கண்டதில்லை.
எனக்குத் தெரிந்த ஐஸ்
ஐம்பது கிலோ, நீட்டுவாக்கில்,
கொக்கி போட்டு இழுத்தால் வரும்,
அரைத்தால் சூரையின் வயிற்றுக்குள் போகும்.
அதன்மேல் ஒருவன் விழுந்து எழும்புவதற்கு
இவ்வளவு சம்பளமா என்று
முதல் வாரம் நினைத்தேன்.
இப்போது நினைப்பதில்லை.

நாலு பத்து.
பலநாள் வள்ளமொன்று துறைக்குள் திரும்புகிறது,
நூற்றியெண்பது கட்டி வேணுமாம்,
விடியமுதல் திரும்பக் கடலுக்குப் போகுமாம்.
"நீங்க பாருங்க, நான் இறக்குறன்"
என்கிறான் நிஜாமுதீன்.
அவனுக்கும் என் வெற்றியில் கால்வாசி,
அதையும் எழுதியிருக்கிறேன்.

சிக்னல் தொட்டியோரத்தில்தான் பிடிக்கும்.
போனை ஒரு கட்டியில் சாய்த்து வைக்கிறேன்.
அங்கே எல்லாரும் எழும்பி நின்று
எதையோ பாடுகிறார்கள்,
இங்கே அரைக்கும் மெசின் தொடங்கிவிட்டது,
ஒரு சொல்லும் கேட்கவில்லை.
முகமூடிக்குள் ஹார்யுலா
கோல் கம்பத்தை இடம் ஒரு தரம், வலம் ஒரு தரம்
தட்டிப் பார்க்கிறான்.
கட்டி கரைந்து போன் மெல்லச் சரிகிறது.
பிடித்துக்கொள்கிறேன்.
கை விறைக்கிறது.