ஒரு 'ங்கோ'

"காலை எடு" என்றான்.

அவ்வளவுதான்.
பருத்தித்துறை மினிபஸ், காலை ஏழே முக்கால்,
கல்வியங்காட்டில் ஏறிய ஆள்,
தோளில் மாலை மாதிரி ஒரு புதுச் சைக்கிள் ரயர்.

எடுத்து வைக்க எனக்கும் ஓர் இடம் வேண்டுமே.
கால் மட்டும்தான் என்னுடையது.
மிச்சத் தகரமெல்லாம்
ஆரோ ஒருத்தியின் மரக்கறிப் பைக்கு.
இருபாலை வரைக்கும்
ஒற்றைக் காலில் நின்றேன், கொக்கு மாதிரி,
மீன் இல்லாத கொக்கு.

எடு.
எடுங்கோ.
இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை எழுத்து.
அதைச் சொல்லப் பிடிக்கிற மூச்சு
ஒரு புளியங்கொட்டையை ஊதித் தள்ளவும் காணாது.
எங்கே விழுத்தினான் என்று
என்னையறியாமல் கீழே பார்த்தேன்:
கச்சான் கோது, கிழிந்த ரிக்கற்,
ஒரு பிள்ளையின் தலைக் கிளிப்.

கோப்பாயில் இறங்குகிற நேரம்
கொண்டக்டரிடம் சொன்னான்:
"தம்பி, ஆஸ்பத்திரியடியிலை கொஞ்சம் நிப்பாட்டுங்கோ."

நிப்பாட்டுங்கோ!

அப்ப, வைச்சிருந்திருக்கிறான்.
சேட்டுப் பைக்குள்ளே, மடிப்புக் கலையாமல், புத்தம் புதுசாய்.
எனக்குத் தரத்தான்
மாத்தின காசு இருக்கவில்லை.

நீர்வேலி வாழைகள் ஓடத் தொடங்கின பிறகு
என் வாய் திறந்தது, உள்ளுக்குள்ளே.
'ஆரோடை கதைக்கிறீர் எண்டு தெரியுமோ?'
சரியில்லை, கோயில் மேடை நாடகம் மாதிரி.
தவிர, நான் ஆர் என்று எனக்கே
அந்த நேரம் சொல்ல வந்திராது.
'எடுங்கோ எண்டால் நாக்குக் கழண்டு விழுமோ?'
இது பரவாயில்லை. இதைக் கொஞ்சம் தீட்டினேன்.
வல்லை வெளியில் உப்புக்காற்று முகத்தில் அடிக்க
ஒரு முழு வழக்கையே பேசி முடித்திருந்தேன்,
சாட்சி, குறுக்கு விசாரணை, தீர்ப்பு எல்லாம்.
எதிரி மட்டும் கூண்டில் இல்லை.
கோப்பாயில் எங்கேயோ குந்தியிருந்து
ரயர் பூட்டிக்கொண்டிருப்பான்.

நெல்லியடியில் இறங்கும்போது
"அக்கா, உங்கடை மிச்சம்" என்று
இருபது ரூபாயை உள்ளங்கையில் வைத்தான் கொண்டக்டர் கஜீபன்.
எண்ணிப் பார்த்தேன். சரி.
சரியாகவும் இல்லை.
அதை அவனிடம் எப்படிக் கேட்கிறது?

உண்மையைச் சொன்னால்,
போன மாசம் மின்சாரக் கந்தோரில்
கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பிள்ளையிடம்
நானும் சொன்னேன்:
"நீர் என்ன, நித்திரையோ?"
நீர்.
உயர்த்தவும் மாட்டாது, பதிக்கவும் மாட்டாது என்று
நாங்கள் சத்தியம் பண்ணுகிற சொல்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
பற்றுச்சீட்டில் முத்திரையைக் குத்தின குத்தில்
என் பெயரின் பாதி நீலமாய்ப் போனது.
பெட்டிக்குள் இன்னும் கிடக்கிறது,
பாதிப் பெயரோடு அந்தத் துண்டு.

இரவு, பிட்டுக்குச் சம்பல் போடும்போது
இவருக்குச் சொன்னேன்.
முழுக்கக் கேட்டுவிட்டு, "ஆள் எவ்விடம்?" என்றார்.
கலியாணத்துக்கும் களவுக்கும்
எங்கள் ஆட்களின் முதற் கேள்வி.
"தெரியாது. கல்வியங்காட்டிலை ஏறிக்
கோப்பாயிலை இறங்கினது."
"ஓ" என்றார்,
எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி.
இன்னும் கொஞ்சம் சம்பல் கேட்டார்.

விடிய, ஒழுங்கை முடக்கில்
ஆரோ வீட்டு ஆடு ஒன்று
குறுக்கே படுத்திருந்தது.
ஒரு பக்கம் வேலி, மற்றப் பக்கம் வாய்க்கால்.
தூரத்தில் பஸ்ஸின் கோண் சத்தம்.
"கொஞ்சம் தள்ளுங்கோ" என்றேன்.
என் குரல்தான். வடிவாய்க் கேட்டது.

ஆடு என்னை ஒருக்கால் பார்த்தது.
வாய்க்குள் கிடந்த கிளுவை இலையை
ஆறுதலாய் மென்று முடித்துவிட்டு
எழும்பி வழி விட்டது.

ஏழே முக்கால் போய்விட்டது.