தரை தட்டிய வள்ளம்

கலியாணம் முடிந்து ஒன்பதாம் நாள்.
எனக்கு நாற்பத்தாறு, இவருக்கு ஐம்பத்தொன்று.
தேன்நிலவு என்ற சொல்லை
இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை.
"நாயாற்றுப் பக்கம் ஒருக்கா வள்ளத்தில போவமே"
என்றார் இவர்,
சங்கக்கடைக்குப் போவம் என்பதுபோல.

குமுழமுனைக் கரையில்
மார்கழிப் பனி இன்னும் தண்ணீரை விட்டு எழும்பவில்லை.
வள்ளக்காரர் பெயர் மரியநேசன்.
தலையில் துவாய், அதற்கு மேல்
மோட்டார்சைக்கிள் ஹெல்மெட்.
"குளிருக்கு" என்றார், நாங்கள் கேட்காமலே.

எஞ்சினை ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிட்டார்.
மண்ணெண்ணெய் விற்கிற விலையில்
அவசரம் காசுக்காரருக்கு.
பிறகு தாங்குகோல் மட்டும்.
ஊன்றும்போது ஒரு சளக்,
இழுக்கும்போது
சேறு மனமில்லாமல் விடுகிற சத்தம்.

தண்ணிமுறிப்பு வான் பாய்ந்து வந்த நல்ல தண்ணீர்
வெறும் தேத்தண்ணி நிறத்தில்,
உப்புத் தண்ணீரோடு உடனே கலக்காமல்
கொஞ்சத் தூரம் பக்கத்தில் பக்கத்தில் ஓடியது.
கையை விட்டுப் பார்த்தேன்.
சுண்டுவிரலுக்குக் குளிர்,
பெருவிரலுக்கு இளஞ்சூடு.
இவரிடம் சொல்லவில்லை.
ஒன்பது நாளில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டால்
மிச்சக் காலத்துக்கு என்ன செய்வது?

கண்டல் வேரில் ஒரு நீர்க்காகம்
செட்டையை விரித்துக் காயப்போட்டிருந்தது,
இருந்த ஒரே உடுப்பைத் தோய்த்துவிட்டவர் மாதிரி.

ஓரிடம் வந்ததும் மரியநேசன்
கோலை மறுபக்கம் மாற்றினார்.
வள்ளம் வளைந்தது.
எதிரே ஒன்றுமில்லை, வெறும் தண்ணீர்.
ஆனாலும் பெரிய சுற்று.
நாங்கள் வாய் மூடிக்கொண்டோம்.
இந்தப் பக்கத்தில் ஒருவர் ஓரிடத்தைச் சுற்றிப் போனால்
ஏனென்று கேட்பதில்லை.
இவர் என் கையைப் பிடித்தார்.
நான் என் தம்பியை நினைத்தேன்.
இவர் யாரை நினைத்தாரோ.

கனநேரம் கழித்து மரியநேசனே தொடங்கினார்:
"அதில மச்சான்ர சிறகுவலை.
மூண்டு வரியமாக் கதை பேச்சில்லை.
என்ர நிழல் விழுந்தாலே
இறால் குறைஞ்சு போச்செண்டுவான்."

முதலில் இவர்தான் சிரித்தார்.
பிறகு நான், நிற்காமல், கண்ணில் நீர் வர.
அந்த நீரில் பாதி
சிரிப்புக்குச் சொந்தமில்லை.

சுற்றிப் போன குற்றத்துக்கு
வள்ளம் தரை தட்டியது.
கோலால் நெம்பிப் பார்த்தார்,
அந்தோனியாரைக் கூப்பிட்டார், மச்சானைத் திட்டினார்,
பிறகு அணியத்தில் சாய்ந்துகொண்டார்.
"முகத்துவாரம் வெட்டுப்பட்டுக் கிடக்கு.
கடல் ஏறேக்கை தண்ணி வரும்.
நீங்கள் சாப்பிடுங்கோ."
ஹெல்மெட் கண்ணாடியை இறக்கி நித்திரையானார்.

புட்டும் முட்டைப்பொரியலும்
வாழையிலையில் ஆறிப்போயிருந்தன.
பிளாஸ்க்குக்கு ஒரு மூடிதான்.
நான் குடித்துவிட்டு நீட்டினேன்.
இவர் வாங்கி வைத்துக்கொண்டே இருந்தார்.
"ஒண்டு சொன்னாக் கோவிக்கக் கூடாது."
"சொல்லுங்கோ."
"நான் தேத்தண்ணிக்குச் சீனி போடுறேல்லை."
ஒன்பது நாள். நாளுக்கு மூன்று.
இருபத்தேழு தேத்தண்ணியை
மருந்துபோல விழுங்கியிருக்கிறது இந்த மனுசன்.

அப்போதுதான் நானும் சொன்னேன்,
சுண்டுவிரலையும் பெருவிரலையும்.
இவர் உடனே சட்டைக் கையைச் சுருட்டி
முழங்கைவரை தண்ணீரில் விட்டார்.
"இஞ்சை ஒண்டும் இல்லையே,
எல்லாம் ஒரே குளிர்."
"அது அங்கை. கடந்து வந்திட்டம்."
"அப்ப திரும்பிப் போகேக்கை காட்டும்."

வாடை மெல்லத் திரும்பியது.
தூரத்தில் கூழைக்கடாக்கள்
ஒன்றையொன்று முந்தாமல் போயின.
அடிப்பலகைக்குக் கீழே ஏதோ இளகியது,
பூட்டிய கதவு தானாகத் திறந்ததுபோல.
வள்ளம் மிதந்துவிட்டது.

மரியநேசனை எழுப்ப வேண்டும்.
இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன்.
ஹெல்மெட்டுக்குள் குறட்டை.

வள்ளம் தன்பாட்டில்,
ஆறுதலாக, மிக ஆறுதலாக,
மச்சானின் வலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.